தலைக்கட்டிக்கு மூலிகை குடித்தேன், அம்மன் சொன்ன பதில் வேறு

எழுபத்து நாலாம் வருடம் ஆவணி மாதம் என் உடம்பு எனக்கே பிடிபடாமல் போயிற்று. கல்யாணமாகி நான்கு வருடம். பிள்ளை இல்லை. அந்த மாதம் தூரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் என்னைச் சிரித்த முகமாகப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் மார்பில் பால் கசிந்தது. வயிறு மட்டும் இருந்த மாதிரியே இருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளை இல்லாமல் பால். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் செவ்வாய்க்கிழமைப் பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள். உங்களிடம் மறைத்து நான் என்ன கோட்டை கட்டப் போகிறேன்?

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பேச்சியம்மாள். ஏலப்பாறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறேன். என் வீட்டுக்காரர் முருகையா, ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. அவருடைய அக்கா இசக்கி எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவர் இருப்பதாக இசக்கி மதினி ஒருநாளும் நினைத்ததில்லை.

பாலுக்குப் பின்னாலேயே தலைவலி வந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், உள்ளே ஆழத்தில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டு தேயிலை நிரையில் நிற்பேன். மதியக் கஞ்சி இறங்காது. மதினி மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினாள். காற்று கறுப்பு என்றாள். மலையில் இறந்துபோன பிள்ளைத்தாய்ச்சி யாரோ என்னைப் பிடித்திருக்கிறாள், அவளுடைய பால்தான் இது என்றுகூடச் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து தனியாகத் தண்ணீர் எடுக்கப் போகக்கூடப் பயந்தேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, லீவும் சொல்லிவிட்டு வந்து, "கெளம்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். கீழே இறங்கி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எங்களைப் பார்த்த டாக்டர் நடுத்தர வயது மலையாளி. பொறுமைசாலி. பாலைப் பற்றிக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது பேயும் இல்லை என்றார். தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிட்யூட்டரி என்று பெயர். அதில் கட்டி வளர்ந்து நெல்லிக்காய் அளவுக்கு ஆகியிருக்கிறது. பால் வருவதும் தூரம் நிற்பதும் அதனால்தான். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும்.

எங்கே வெட்டுவீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் தன் நெற்றிக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

பிறகு அவர் என் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "என்னுடைய மூக்கையே பார்" என்றார். தன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். விரல் தெரிந்ததும் சொல் என்றார். சொன்னேன். கண் இதுவரை தப்பித்திருக்கிறது என்றார். கட்டிக்கு மேலேதான் கண்ணுக்குப் போகிற நரம்பு இருக்கிறதாம். கட்டி அதைத் தொட்டால் கண் போகும். போன கண் திரும்பி வருமா என்பது யாருக்கும் தெரியாது. "பேடிக்கண்டா. பக்ஷே வைகிக்கருது" என்றார். பயப்படாதே, ஆனால் தாமதம் செய்யாதே என்று அர்த்தம். நாங்கள் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

தலையைத் திறந்தவர் எவரும் நடந்து வீடு திரும்பியதை எங்கள் லயத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்த பஸ்ஸில் மலையேறி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். செத்தாலும் முழுத் தலையோடு சாகிறேன் என்று. வீட்டில் விளக்கேற்றி அம்மனிடம் ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். "ஆத்தா, கத்தி படாமல் என்னைக் குணமாக்கு. என் கண்ணைக் காப்பாற்று." கண் இல்லாவிட்டால் எனக்குக் கொழுந்து இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை, அந்த ஒற்றை அறை வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து மதினியின் குரலைக் கேட்டுக்கொண்டே கிழவியாக வேண்டும். அதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன்.

தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரி டிரைவர் ஒருவர் வைத்தியரைப் பற்றிச் சொன்னார். பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தலையில் வருகிற கட்டிக்கெல்லாம் பச்சிலை கொடுக்கிறார், அறுக்காமல் கரைகிறது என்றார். கரைகிறது என்ற அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தை மாதம் போனோம். குமுளி போய், கம்பத்துக்கு இறங்கி, திண்டுக்கல்லில் ரயில் ஏறி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பிரயாணம். பழனி வந்ததும் பெட்டியில் இருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து மலையைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கேட்கிற சாமியிடமெல்லாம் கேட்டுவைப்போம் என்றுதான்.

வைத்தியருக்கு நெல்வயலும் தென்னையும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருந்து கொடுப்பார். மற்ற நாளில் உழவு. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முறை வந்ததும் என் நாடியைப் பிடித்தார். டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படியே சொன்னார்.

"ஏனுங்க, தலவலி எத்தன நாளா இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"மூணு மாசமா இருக்கு. கட்டி கரையுமாய்யா?" என்று நான் குறுக்கே விழுந்து கேட்டேன்.

"மருந்தத் தவறாம சாப்புடுங்க. பத்தியம் இருங்க. தலவலி கொறையுமுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பழுப்பு நிறச் சூரணம், தலைக்குத் தேய்க்க ஒரு தைலம், மூக்கில் விட ஒரு பச்சைச் சாறு. அதில் தும்பையும் நொச்சியும் இருந்தது வாசனையில் தெரிந்தது. மற்றதெல்லாம் என்ன என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. புளி ஆகாது, மீன் ஆகாது, உப்பு அரைவாசி. வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் மட்டும் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது நான் ரயிலில் பாட்டுப் பாடினேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

மருந்து வேலை செய்தது. இதை நான் மறைக்கக் கூடாது. மாசி முடிவதற்குள் தலைவலி பாதியாயிற்று. பங்குனியில் துண்டு கட்டாமல் வேலைக்குப் போனேன். கஞ்சி இறங்கிற்று, தூக்கம் வந்தது. மதினி லயம் முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்க பேச்சிக்கு மண்டைக்குள்ள இருந்த கட்டி கரைஞ்சு மூக்கு வழியா வந்துட்டு" என்றாள். மூக்கு வழியாக வந்தது சளி. ஆனால் நானும் மறுக்கவில்லை. நம்புவதற்கு அது நன்றாக இருந்தது. பால் நிற்கவில்லை, தூரம் வரவில்லை. அதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலி போனால் நோய் போயிற்று என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்?

கண்ணைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. அதற்கு நானே ஒரு சோதனை வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் ஊசியில் நூல் கோர்த்துப் பார்ப்பேன். முதல் தடவையிலேயே கோர்த்துவிடுவேன். எதிர் மலையில் மேய்கிற மாட்டின் நிறம் தெரியும். கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆத்தா காப்பாற்றுகிறாள் என்று விளக்கு முன்னால் கையெடுப்பேன். சோதனை தப்பான இடத்தில் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

சித்திரையிலிருந்து கங்காணி வேலுச்சாமி என்னைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து கிள்ளுகிறவளுக்கு ஒரு நிரை. நடந்துபோகும்போது இரண்டு பக்கச் செடியிலும் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். அது உங்களுக்குத் தெரியும். நான் எனக்கு நேர் எதிரில் இருந்ததைச் சுத்தமாகக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஒருநாள் அவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏட்டி பேச்சி, திரும்பிப் பாரு. நடுவுல மட்டும் ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. ரெண்டு ஓரத்துலயும் கொழுந்து அப்படியே நிக்கி. அத யாரு வந்து கிள்ளுவா, ஒன் மாமியாளா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. தலையைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. "பத்தியச் சோறு அண்ணாச்சி, உப்பு இல்ல, ஒடம்புல தெம்பு இல்ல" என்று சொல்லித் தப்பித்தேன். அவரும் விட்டுவிட்டார். வீட்டில் கதவு நிலையில் தோள் இடித்தது. தண்ணீர்க் குடத்தைக் காலால் தள்ளினேன். பக்கத்தில் வந்து நின்றவர்களைக் கவனிக்காமல் போனேன் என்று இரண்டு பேருக்கு என்மேல் கோபம். "கட்டி கரைஞ்சதும் இவளுக்குத் திமிரு வந்துட்டு" என்று மதினியே சொன்னாள்.

அக்கா தங்கைகளே, இதை நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். கண்ணின் ஓரப்பார்வை போனால் அங்கே இருட்டாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இருட்டு இல்லை. கறுப்பும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்குத் தெரிவதில்லை, அதற்காக நாம் குறைப்படுகிறோமா? அதுபோலத்தான். இல்லை என்பதே தெரியாமல் நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்தது. மழை விடாமல் கொட்டியது. வைத்தியர் கொடுத்த மருந்து தீர்ந்துவிட்டது. அடுத்த சுற்றுக்குக் கொல்லங்கோடு போக வேண்டும். டாக்டரும் திரும்பி வந்து காட்டச் சொல்லியிருந்தார். நான் கொல்லங்கோடு என்றேன். மதினியும் கொல்லங்கோடு என்று ஒரே பிடியாக நின்றாள். என் வீட்டுக்காரர்தான் இரண்டு மனமாக இருந்தார். பால் ஏன் நிற்கவில்லை என்று அவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மனிடம் பூக் கேட்பது என்று முடிவாயிற்று.

நம் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்கிற முறை உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டும் ஒரே மாதிரிப் பொட்டலம். வெள்ளை வந்தால் மூலிகை, சிவப்பு வந்தால் ஆபரேஷன் என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி அம்மனுக்கு முன்னால் உள்ள கல்மேடையில் விளக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைப்பார். கைக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் நன்றாகத் தள்ளித் தள்ளி வைப்பார். நோயாளி அம்மன் முகத்தையே பார்த்து நிற்க வேண்டும். தலையைத் திருப்பக் கூடாது, தேடக் கூடாது, கை தானாக எந்தப் பக்கம் போகிறதோ அதை எடுக்க வேண்டும். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஆடிச் செவ்வாய். கோயில் நிறைந்திருந்தது. குளித்து ஈரப் புடவையோடு மூன்று சுற்றுச் சுற்றி வந்து நின்றேன். பூசாரி சுடலைமுத்து, அவர் ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிறவர், கற்பூரம் காட்டிவிட்டு ஒதுங்கினார். அம்மன் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய முகம், வெள்ளிக் கண். கீழே விளக்கு. விளக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னும் பொட்டலம் வைக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாமி, பொட்டலத்த வைங்க" என்றேன்.

நான் மறுபடியும், "எங்க சாமி? வைக்கலியா?" என்றேன்.

பின்னால் மதினி வீறிட்டாள். "ஆத்தா பூவ மறைச்சிட்டா! ரெண்டுமே வேண்டாம்னுட்டா! ஐயோ, எங்க வீட்டுமேல கோவமா இருக்கா!" பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ அழுதார்கள். பூசாரிக்கு முன்னால் இரண்டு பொட்டலமும் வைத்தபடியே இருந்தன. பெற்ற தாய் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது. என்னைக் கைவிட்டுவிட்டாயா என்று மனதுக்குள் கேட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். கோயிலுக்குள் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "எல்லாரும் செத்த சும்மா இருங்க" என்றார். எனக்கும் அம்மனுக்கும் நடுவில் வந்து, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பூசாரி தடுக்கப் போனார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பேச்சி, என் மூக்கையே பாரு. வேற எங்கயும் பாக்காத" என்றார்.

பார்த்தேன்.

"என் கை எங்க இருக்கு?"

"கீழ தொங்கவிட்டுருக்கீக."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவர் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்திருக்கிறார். விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். நான் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் இரண்டு கையும் திடீரென்று முளைத்த மாதிரி தெரிந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். தன் அப்பா இறந்தபோதுகூட அழாத மனுஷன்.

"டாக்டர் சொன்ன கண்ணு இதான்" என்றார். "மூலிகையும் வேண்டாம், பூவும் வேண்டாம். கெளம்பு."

அந்த இரண்டு பொட்டலங்களையும் யாரும் பிரிக்கவில்லை. பூசாரி அப்படியே எடுத்து ஆற்றில் விட்டுவிட்டார். எந்தப் பக்கம் வெள்ளை, எந்தப் பக்கம் சிவப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வெள்ளை வந்திருந்தால் நான் சந்தோஷமாகக் கொல்லங்கோடு போயிருப்பேன், அங்கேயே குருடியாகியிருப்பேன். சிவப்பு வந்திருந்தால் அழுது அடம்பிடித்து இன்னொரு தடவை பூக் கேட்டிருப்பேன். என்னை நான் அறிவேன். ஆத்தாவும் அறிவாள்.

மறுநாள் காலை முதல் பஸ். மண் சரிந்து வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடந்தோம். டாக்டர் மறுபடியும் ஸ்டூலைப் போட்டு விரலை ஆட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னும் சில வாரம் கழித்து வந்திருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். அன்றே வார்டில் சேர்த்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தலையை மழித்தார்கள். இடுப்புவரை இருந்த முடி. மழிக்கிற ஆள் அதைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, கோயிலில் சேர்க்கச் சொன்னேன். ஆத்தாவுக்குக் காணிக்கையாக எதையும் நேர்ந்துகொள்ள எனக்கு நேரமில்லை, இருந்ததைக் கொடுத்தேன். அன்றைக்கு என் வேண்டுதலும் மாறியிருந்தது. கத்தி வேண்டாம் என்று கேட்கவில்லை. கத்தி பிடிக்கிற கையோடு நீயும் இரு என்று கேட்டேன்.

கண் விழித்தபோது தலை முழுவதும் கட்டு. தொண்டை வறண்டு கிடந்தது. மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியே கிடக்கும்போது இடது ஓரத்தில் ஏதோ நீல நிறமாக அசைந்தது. முதலில் அது என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. அது என் வீட்டுக்காரருடைய சட்டை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. திரும்பாமலே அவர் தெரிந்தார்.

"ஏங்க, கீழ விழுந்துறாதீக" என்றேன். பிறகு நான் அழுத அழுகைக்கு நர்ஸம்மா ஓடிவந்துவிட்டார்.

இடது ஓரம் முழுதாக வந்துவிட்டது. வலது ஓரத்தின் கடைசியில் இன்றைக்கும் கொஞ்சம் மங்கல். மிச்சம் இருந்த கட்டிக்காகச் சில வாரம் கரண்டு, ரேடியேஷன் என்கிறார்களே அது, வைத்தார்கள். பால் நின்றது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், சாகும்வரை சாப்பிட வேண்டும். சாமி குணமாக்கியிருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சாமி படைத்த வயிற்றுக்குத் தினமும் சோறு போடுகிறாயே, அது எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பிள்ளை பிறக்கவில்லை. அதற்காகவும் கேட்டுப் பார்த்தேன், பல தடவை. ஆத்தா கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. சாட்சி சொல்கிறேன் என்று வந்து கிடைத்ததை மட்டும் சொல்லிவிட்டுக் கிடைக்காததை விழுங்கினால் அது சாட்சி ஆகாது. அந்த வலி இருக்கிறது. இருந்தும் நன்றி இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

வைத்தியரிடம் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று மறு வருடம் என் வீட்டுக்காரர் கொல்லங்கோடு போய்வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு வைத்தியர், "நான் தலவலிக்குத்தானுங்க மருந்து குடுத்தேன். கட்டி கரையுமான்னு உங்க ஊட்டுக்காரம்மா கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு நான் வாயத் தொறந்து சொல்லோணுமுங்க. சொல்லல. இனி வர்றவங்ககிட்ட மொதல்ல அதச் சொல்லிப் போடறனுங்க" என்றாராம். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்றைக்கும் சளி பிடித்தால் நொச்சி போட்டுத்தான் ஆவி பிடிக்கிறேன். சுகமாக இருக்கும். ஆனால் தலைக்குள் இருந்த கட்டி நொச்சியின் பேச்சைக் கேட்கவில்லை. வலியை அது ஆற்றியது, கட்டி அடியில் வளர்ந்துகொண்டே இருந்தது. வலி ஆறியதால்தான் நான் ஆறு மாதம் கண்ணை இழந்துகொண்டே கோயிலுக்கு நன்றி சொல்லப் போனேன்.

கங்காணி வேலுச்சாமி சாமி கும்பிடாத ஆள். "பூவ மறைச்சது ஆத்தா இல்ல பேச்சி, ஒன் நோவு" என்று இன்றைக்கும் என்னைச் சீண்டுவார். நோய்தான் மறைத்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் ஆறு மாதம் எல்லோர் கண்ணிலும் படாமல் இருந்தது, அன்றைக்கு அந்த இடத்தில், அந்த டாக்டரின் விரல்களைப் பார்த்திருந்த ஒரே மனுஷன் நிற்கும்போது வெளியே வந்ததே, அது யார் வேலை? என்னிடம் அதற்குப் பதில் இருக்கிறது. அதனால்தான் செவ்வாய் தவறாமல் கோயிலில் இருக்கிறேன்.

முன்பெல்லாம் அம்மனிடம் இதைக் கொடு, இப்படிக் கொடு, கத்தி இல்லாமல் கொடு என்று கேட்பேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. எனக்குத் தெரியாததைக் காட்டு, காட்டியதும் போகிற தைரியத்தைக் கொடு என்றுதான் கேட்கிறேன். இசக்கி மதினி மாறியிருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் கீழ் டிவிஷனில் ஒரு புதுப்பெண்ணுக்குத் தலைவலி என்றதும், கயிறு கட்டாமல் கையைப் பிடித்து நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். "இவள ஒன் எதுக்க ஒக்கார வச்சு அந்த வெரலக் காட்டு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஓரமெல்லாம் நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்றுதான் அனுப்பினேன்.

ஆகவே அக்கா தங்கைகளே, என்ன கஷ்டமானாலும் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் வாருங்கள். நம் ஆத்தா கேட்பாள். மனதில் உள்ளதையெல்லாம் அவள் காலடியில் கொட்டுங்கள். அழுகை வந்தால் வெட்கப்படாமல் அழுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன். ஆனால் கேட்டதற்கு மாறாக அவள் பதில் சொன்னால் அவள் கோபமாக இருக்கிறாள் என்று வீறிடாதீர்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன்.